ஸ்டெப் 1 பரீட்சையும் நிச்சயிக்கப்பட்ட திருமணமும்

கேள்வி (கல்லடி வைத்தியர்):
மட்டக்களப்பில் வைத்தியராகக் கடமையாற்றிக்கொண்டே அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் ஸ்டெப் 1 இற்குப் படித்து வருகிறேன். பரீட்சைக்கு இன்னும் பத்து வாரங்கள் உள்ளன. எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் காரைதீவில் ஆசிரியர். இரவுக் கடமை இல்லாத நாட்களில் ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால், அப்போதுதான் அவருடைய அழைப்பும் வரும். எடுத்தால் பதினொரு மணியாகிவிடுகிறது. எடுக்காவிட்டால் மறுநாள் முழுவதும் மௌனம். "இந்தப் பரீட்சை முடிந்த பிறகாவது பழையபடி பேசுவீர்களா?" என்று சென்ற வாரம் கேட்டார். நேரத்தை எவ்வாறு பங்கிடுவது?

பதில் (இந்தப் பரீட்சையை முன்னர் எழுதிய அக்கா):
தங்கைக்கு, நேரத்தை விட அவருடைய அந்தக் கேள்விதான் என் கண்ணில் பட்டது. இந்தப் பரீட்சையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அவர் நம்பியிருக்கிறார். 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1 இற்குப் புள்ளி அறிவிக்கப்படுவதில்லை, சித்தியா இல்லையா என்பது மட்டுமே. ஆகவே நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அடுத்த பரீட்சையான ஸ்டெப் 2 சி.கே. இன் புள்ளியே பெரிய பாரமாகிவிட்டது. அதற்கும் படிக்க வேண்டும். ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வு, செப்டெம்பரில் பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பம், நேர்முகங்கள், மார்ச்சில் மெட்ச் எனப்படும் இட ஒதுக்கீட்டின் முடிவு, அதன் பின் அமெரிக்க வைத்தியசாலையில் ஆகக் குறைந்தது மூன்று ஆண்டுப் பயிற்சி என்று பாதை நீள்கிறது. இதை அவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினீர்களா? நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதுதான் வழக்கம். அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதைப் பேசாமல், ஒன்பது மணி அழைப்பைப் பத்து மணிக்கு மாற்றுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதில் (வைத்தியர் ஒருவரின் கணவர்):
அக்கா சொன்னது சரி, ஆனால் பத்து வாரங்களையும் கடக்க வேண்டுமே. என் மனைவி படித்த நாட்களில் அவர் பேசாதது எனக்கு வலிக்கவில்லை. கேள்வித் தொகுதியைப் பார்த்தபடியே "ம்" கொட்டியதுதான் வலித்தது. பின்னர் இரவுச் சாப்பாட்டு நேரத்து அரை மணித்தியாலத்தை எனக்கென்று ஒதுக்கினார், அப்போது புத்தகம் மூடியிருக்கும். மாதிரிப் பரீட்சை நாட்களில் நானே பேச்சுக்கு அழைக்க மாட்டேன். எட்டு மணித்தியாலம் இருந்து எழுதியவருக்கு அன்றிரவு தூக்கம்தான் தேவை. (சமையலும் அன்று என் பொறுப்பு; சோறு குழைந்தாலும் குறை சொன்னதில்லை.)

கல்லடி வைத்தியர்:
இருவருக்கும் நன்றி. வீட்டுக்கு அத்திவாரம் போட்டு ஆறு மாதமாகிறது, அக்கா. அதனால்தான் அந்தப் பேச்சை எடுக்கப் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை தாளோடு காரைதீவுக்குப் போகிறேன்.