இழை: ‘சைக்ஸ்’ என்ன வகைப் பெயர்? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

கு.தா. எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் அறிவியல் மாத இதழுக்காக, மரபணுவும் குடும்பப்பெயரும் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. சைக்ஸ் என்ற ஆங்கிலேயக் குடும்பப்பெயர்தான் கட்டுரையின் நாயகன். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் பெயரையே வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஆண்களிடம் மாதிரி வாங்கி தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார். 2000இல் வந்த முடிவு: கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஒரே வகை. அதே வட்டாரத்து மற்ற ஆண்களிடம் அந்த வகை தென்படவில்லை, பிரிட்டனின் பொது மாதிரிகளிலும் இல்லை. அப்படியானால் சுமார் 700 ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரே ஆளின் வாரிசுகள் இவர்கள் என்றார். அதுவரை எழுத்துச் சான்றுகளைப் பார்த்தவர்கள், இந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கும் என்றே நினைத்தார்கள்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒருவரோடு முடிந்துபோகும் பைநேம் வேறு, பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும் சர்நேம் வேறு. இரண்டுக்கும் சொல் வேண்டும். லிங்கன், பிராட்ஃபோர்டு போல ஊர்ப்பெயரிலிருந்து வந்தவற்றை லோகேட்டிவ் என்கிறார்கள். ஹில், வுட், சைக்ஸ் போல மேடு, காடு, ஓடையிலிருந்து வந்தவை டோபோகிராஃபிக். இவற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். கடைசியாக, சிங்கிள் ஃபவுண்டர் சர்நேம், அதாவது ஒரே ஆளிடமிருந்து தொடங்கிய குடும்பப்பெயர்.

இயந்திர மொழிபெயர்ப்பு ‘இடவியல் குடும்பப்பெயர்’ என்று கொடுத்தது. படித்தால் சர்வேயர் அலுவலகத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

புலவர் ப. எழுதியது:

அம்மா, வீட்டில் விளக்கு இருக்க ஏன் இருட்டில் தேடுகிறீர்கள்? தொல்காப்பியம், சொல்லதிகாரம், பெயரியல்:

நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே
வினைப்பெயர் உடைப்பெயர் பண்புகொள் பெயரே

ஆங்கிலேயப் பெயராய்வாளர்கள் இன்று நான்கு வகை சொல்கிறார்கள்: இடம், உறவு, தொழில், பட்டப்பெயர். ஸ்மித், பேக்கர், டெய்லர் நமக்கு வினைப்பெயர். பிரவுன், வைட் பண்புகொள் பெயர். ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர், உரையாசிரியர் உறுப்பால் வரும் சினைநிலைப் பெயருக்குக் காட்டும் ‘பெருந்தோளர்’ வரிசையில் உட்கார வேண்டியவர். சைக்ஸ் நிலப்பெயர். முடிந்தது.

பைநேமுக்குச் சங்கப் புலவர் பட்டியலைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: ஊர், தொழில், பெயர் மூன்றும் ஒரே மூச்சில். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: இது, ஜான் மகன் என்று பொருள்படும் ஜான்சன் வகை. இவை எதுவும் பிள்ளைக்கு இறங்கவில்லை. ஆகவே ‘அடைப்பெயர்’ என்க. இறங்குவதை ‘வழிப்பெயர்’ என்க. வழி என்றால் பாதை மட்டுமா? வழிவழியாக, வழித்தோன்றல், வழிநூல். முதனூலிலிருந்து வழிநூல் பிறப்பதுபோல முதல்வனிடமிருந்து வழிப்பெயர். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

ர. எழுதியது:

வழிப்பெயர் என்று அச்சிட்டால் வாசகர் மவுண்ட் ரோடு, அண்ணா சாலை என்று போய்விடுவார், புலவர் ஐயா. குடும்பப்பெயர் எல்லாருக்கும் தெரியும். அதைத் தொடாதீர்கள். பைநேமுக்கு ‘அடைப்பெயர்’ நன்றாகவே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

ந. எழுதியது:

நான் இருப்பது ஹடர்ஸ்ஃபீல்டில். மேற்கு யார்க்‌ஷயரின் இந்தப் பகுதிதான் சைக்ஸ்களின் தாய்வீடு. பக்கத்தில் கோல்ன் பள்ளத்தாக்கில் ஸ்லெய்த்வெய்ட் என்று ஓர் ஊர். எழுத்துக்கூட்டிப் படித்தால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ‘ஸ்லாவிட்’ என்பதுதான் வழக்கு. அங்கே கல்லறைத் தோட்டத்தில் நடந்தால் சைக்ஸ், சைக்ஸ், சைக்ஸ் என்று கல் கல்லாக வரும். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வரைபடமாக்கினாலும் அடர்த்தி இந்தப் பக்கம்தான் குவியும். பிறகு மேற்கே மலையைத் தாண்டி ஓல்டம், மான்செஸ்டர் வரை பரவியிருக்கிறது. நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் ஓல்டம்காரர். நம்மவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் தெரிந்த சைக்ஸ், 1916இல் மேற்காசியாவைக் கோடு போட்டுப் பிரித்த ஒப்பந்தத்தின் மார்க் சைக்ஸ். அவருடைய குடும்பம் யார்க்‌ஷயரின் கிழக்குக் கோடியில், ஸ்லெட்மியரில் பெரிய மாளிகைக் குடும்பம். ஹல் துறைமுக வணிகத்தில் பணம் பார்த்தவர்கள். இவர்களையும் ஸ்லாவிட் நெசவாளர்களையும் பெயர் ஒன்றுதானே என்று ஒரே கொடியில் கட்டிவிடக் கூடாது.

சைக் என்பது என்ன? பழைய ஆங்கிலத்தில் சிற்றோடை. வடக்கே இன்றும் பேச்சில் உண்டு. மார்ஸ்டன் மேலே தரிசு மேட்டில் போனால் பார்க்கலாம். ஒரு தாண்டில் தாண்டிவிடும் அகலம், கரையெல்லாம் நாணற்புல், ஓரத்தில் கால் வைத்தால் கரிய சேற்றில் செருப்போடு இறங்கும். கோடையில் சில வறண்டே போகும். ஆனால் பழைய ஆவணங்களில் எல்லை சொல்ல இதைத்தான் காட்டுவார்கள். ‘சைக் ஓரம் இருக்கிறவன்’ என்பதே பெயராயிற்று. தொடக்கத்தில் ‘டெல் சைக்’ என்று முன்னொட்டோடு எழுதினார்கள், அது உதிர்ந்தபின் கடைசி ஸ் ஒட்டிக்கொண்டது. புரூக்ஸ், வுட்ஸ் எல்லாம் இதே கதைதான்.

புலவர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நிலப்பெயருக்கு உரையாசிரியர்கள் காட்டுவது அருவாளன், சோழியன். இரண்டும் பெயருள்ள நாடு. அப்படிப் பார்த்தால் நிலப்பெயர் என்பது லிங்கன், பிராட்ஃபோர்டு வகைக்குத்தான் ஆகும். பெயரில்லாத ஓடைக்கரை ஆளை எங்கே வைப்பது?

புலவர் ப. எழுதியது:

தம்பி, கேள்வி நியாயம். அவனை உடைப்பெயரில் வைக்கலாமா என்று யோசித்தேன். அம்பர் கிழான், பேரூர் கிழான் என்றுதான் காட்டுகிறார்கள், அங்கேயும் ஊர் வந்து நிற்கிறது. திணைநிலைப் பெயர் என்றால் ஆயர், வேட்டுவர் என்று தொழிலுக்குள் போய்விடும்.

அது கிடக்கட்டும். சைக் என்ற சொல்லுக்குத் தெற்கு இங்கிலாந்தில் ‘சிட்ச்’ என்று வடிவம் உண்டாமே? வடக்கே கிர்க், தெற்கே சர்ச். நம் வீட்டிலும் இதே கூத்துதான். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. அவர்கள் கெய் என்பார்கள், நாம் செய் என்போம். ககரம் சகரமாவது மாந்தர் நாவின் இயல்பு!

ந. எழுதியது:

சிட்ச் உண்டு ஐயா, குடும்பப்பெயராகவும் உண்டு. ஆனால் நமக்கு இ, எ என்ற உயிருக்கு முன்னால் நிற்கும் ககரம் மாறுகிறது. சைக்கில் உயிருக்குப் பின்னால் நிற்பது மாறியிருக்கிறது. வடக்கே மாறாமல் நின்றதற்கு ஸ்காண்டிநேவியர் குடியேற்றத்தைச் சொல்வார்கள். அவர்கள் மொழியிலும் இதே சொல் ககரத்தோடு இருந்தது.

நீங்கள் ரசிக்கக்கூடிய இன்னொன்று சொல்கிறேன். நாஷ் என்று பெயர் இருக்கிறதல்லவா? ஆஷ் மரத்தடி ஆள். ‘அட்டன் ஆஷ்’ என்று சொல்லிச் சொல்லி, முன்சொல்லின் னகர ஒற்று மரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. நோக்ஸ் என்பதும் ஓக் மரத்தில் இப்படி ஏறிய ஒற்றுதான்.

புலவர் ப. எழுதியது:

உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே! நன்னூல் எழுதிய பவணந்தியார் யார்க்‌ஷயர் போகாமலே எழுதிவிட்டார்.

ர. எழுதியது:

வெள்ளிக்கிழமை.

இ. மாஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வவுனியாவில் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். முதலில், அது குரோமோசோம் அல்ல, நிறமூர்த்தம். நாங்கள் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படித்தோம், பிள்ளைகளுக்கும் விளங்கியது. நிறப்புரி என்றும் சிலர் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் குரோமோசோம்தான் பழக்கம் என்றால் அடைப்புக்குறியிலாவது எங்கள் சொல்லைப் போடுங்கள்.

ஓடைக்கரை ஆளுக்கு யாழ்ப்பாணத்து வழக்கையே எடுக்கலாமே. புளியடி, ஆலடி, கிணற்றடி. ‘கிணற்றடி வீட்டுக்காரர்’ என்றால் ஊருக்கே தெரியும். ஆகவே ‘அடிப்பெயர்’.

ஆனால் நான் எழுத வந்தது மூன்றாவது சொல்லுக்காக. ‘ஒருமூலப் பெயர்’ என்று யாராவது போடப்போகிறீர்கள் என்று பயம். பெயர் தொடங்கியபோது ஒருவர்தான் இருந்தார் என்பதும், பலர் இருந்து ஒருவருடைய ஆண்வழி மட்டும் இன்று பெருத்து நிற்கிறது என்பதும் ஒன்றல்ல. பிரான்சிஸ் கால்ட்டன் 1873இல் இதைத்தான் கணக்காகக் கேட்டார்: ஒருவருக்கு ஆண் பிள்ளை இல்லாமலே போகலாம், இருந்தாலும் பேரன் இல்லாமல் போகலாம், இப்படியே போனால் எத்தனை குடும்பப்பெயர்கள் அற்றுப்போகும்? ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை தேடினார். இன்றைக்கும் கால்ட்டன்–வாட்சன் என்றே அந்தக் கணிதம் வழங்குகிறது. ஆகவே பத்து ஓடைக்கரையில் பத்து சைக் இருந்து, ஒன்பது வழி அற்றுப்போய் ஒன்று தழைத்திருந்தாலும், ஆய்வுகூடத்தில் கிடைக்கும் விடை அதேதான். அந்த 2000 ஆய்வு பார்த்தது நான்கே மரபுக் குறிகளை, அதாவது நிறமூர்த்தத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடும் நான்கு இடங்களை. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் துரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரிவாகச் செய்தார்கள். அரிய பெயர்களில் ஒற்றுமை கூடுதல். ஸ்மித் மாதிரிப் பெயரில் சும்மா தெருவில் போகிறவர்களை எடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அவர்களும் தற்செயலாக வழிகள் அற்றுப்போவதைப் பெரிய காரணமாகச் சொன்னார்கள்.

எனவே ‘ஒருகிளைப் பெயர்’ என்று போடுங்கள். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிறது அந்தக் கிளைதான். வேரை ஒருவரும் காணவில்லை.

கு.தா. எழுதியது:

மாஸ்டர், நீங்கள் சொல்லும் அறிவியல் சரி. ஆனால் மூலக் கட்டுரை ஆசிரியர் ‘நிறுவியவர் ஒருவர்’ என்றுதான் எழுதியிருக்கிறார். நான் கிளை என்று மாற்றினால் அவர் சொல்லாததை அவர் வாயில் போடுவதாகும். அவரோடு சண்டை போட மொழிபெயர்ப்பாளருக்கு இடம் அடிக்குறிப்புதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பொருந்தாத மீதிப் பேருக்கு நான்–பேட்டர்னிட்டி, அதாவது பெயருக்குரிய தந்தையும் பெற்ற தந்தையும் வேறாக இருப்பது, என்று காரணம் சொல்கிறார், தலைமுறைக்குச் சராசரி 1.3 சதவீதம் என்று மதிப்பீடும் தருகிறார். இதை எப்படிச் சொல்வது? இது பள்ளி நூலகங்களுக்குப் போகும் இதழ்.

ர. எழுதியது:

‘தந்தை வேறு’ என்று போட்டால் தலைமை ஆசிரியர் இதழைத் திருப்பி அனுப்புவார்.

இ. மாஸ்டர் எழுதியது:

அது ஒழுக்கக் கதையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தத்தெடுத்த பிள்ளை, தாயின் பெயரைக் கொண்ட பிள்ளை, சொத்துக்காக மாமனார் பெயரை ஏற்ற மருமகன், எல்லாம் இதற்குள் வரும். பெயர் ஒரு வழியில் போகிறது, நிறமூர்த்தம் இன்னொரு வழியில் போகிறது. ‘பெயர்–மரபு முறிவு’ என்றால் யாரையும் குற்றம் சொன்னதாக ஆகாது.

கு.தா. எழுதியது:

இது அருமை. எடுத்துக்கொண்டேன்.

ந. எழுதியது:

அப்புறம் ஒரு துணுக்கு, பெட்டிச் செய்திக்கு ஆகும். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரே குடும்பப்பெயர் பெருத்துப்போனதும் அது ஆளைக் காட்டும் வேலைக்கு உதவாமல் போயிற்று. சைக்ஸ் என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். அதனால் அப்பன் பெயரைச் சேர்த்துப் பழையபடி அழைத்தார்கள். மலைக்கு அந்தப்பக்கம் சாடில்வொர்த்தில் 1832இல் விடுதிக்காரர் ஒருவரும் அவர் மகனும் கொலையுண்ட வழக்கு பெரிய செய்தி. ஆவணத்தில் அவர் வில்லியம் பிராட்பரி. ஊருக்கு அவர் ‘பில் ஓ ஜாக்ஸ்’, ஜாக் மகன் பில். மகன் ‘டாம் ஓ பில்ஸ்’. நாம் இனிஷியல் போடுவது போலத்தான், ஆனால் அது அவர்களுக்குக் குடும்பப்பெயர் வந்து சில நூற்றாண்டு கழித்து.

புலவர் ப. எழுதியது:

கணக்காயனார் மகனார் நக்கீரனார்! நான் முதல் மடலிலேயே சொன்னேன்.

ர. எழுதியது:

இங்கே கதை தலைகீழாகப் போகிறது. கனடா போன என் அண்ணன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டார். இப்போது அவர் பேரனுக்கும் எங்கள் அப்பா பெயர்தான். அடைப்பெயர் எங்கள் கண் முன்னாலேயே குடும்பப்பெயராகிவிட்டது.

கு.தா. எழுதியது:

நண்பர்களே, பக்கம் போகிறது. முடிவு செய்துவிட்டேன். சர்நேம்: குடும்பப்பெயர். பைநேம்: அடைப்பெயர். லோகேட்டிவ்: ஊர்வழிப் பெயர். டோபோகிராஃபிக்: நிலக்கூற்றுப் பெயர். மாஸ்டரின் ‘அடிப்பெயர்’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வினையடி, பெயரடி என்று இலக்கண வகுப்பில் கேட்டவர்கள் வேர்ச்சொல் என்று எடுத்துக்கொள்வார்கள் என ர. சொன்னார், சரியென்று பட்டது. மூன்றாவதற்கு ‘ஒருமூலப் பெயர்’ என்றே போட்டு, மாஸ்டர் சொன்ன கிளை விளக்கத்தையும் 2009 ஆய்வையும் அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். ஐந்து பேரில் மூவர் சம்மதம்.

இ. மாஸ்டர் எழுதியது:

அடிக்குறிப்பை யார் வாசிக்கிறார்கள், பிள்ளை? சொல்லிலேயே ‘மூலம்’ என்று எழுதிவிட்டுக் கீழே ‘மூலம் தெரியாது’ என்கிறீர்கள். என் மாணவர்களுக்கு நான் ஒருகிளைப் பெயர் என்றுதான் சொல்வேன். நிறமூர்த்தம் அடைப்புக்குறியில் வந்ததா?

புலவர் ப. எழுதியது:

‘நிலக்கூற்று’ என்பதில் கூற்று என்றால் யமன் என்றும் பொருள். யோசித்தீர்களா?