‘ஹீலர் யாராவது இருக்கீங்களா?’ – கிளாஸுல மாட்டின கதைகள்

அரைத்தூக்கம்:
நேத்து அக்கா பசங்களோட ஒரே வாக்குவாதம். ஆன்லைன் ஆர்பிஜியில, அதாவது நிறைய பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமா ஆடுற கேம்ல, வீரன், வைத்தியர்னு வேலையைப் பிரிச்சு வைக்கிற கிளாஸ்னு ஒண்ணே இருக்கக்கூடாதாம், யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் கத்துக்கணுமாம். நான் வாயே திறக்கல. என் கதை அப்படி.

2005 வாக்குல பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ராக்னராக் ஆன்லைன் ஆடினோம். நாவிஸா, அதாவது கத்துக்குட்டியா பிறந்து ஜாப் லெவல் 10 வந்தா ஆறு வழி: வாள், வில், மந்திரம், திருட்டு, வியாபாரம், அப்புறம் அகோலைட். எங்க செட்டுல அஞ்சு பேர். நாலு பேர் முந்திக்கிட்டாங்க, வைத்தியம் பாக்குற அகோலைட் என் தலையில விழுந்தது. சரி, நாமளும் நாலு அடி அடிக்கலாமேன்னு லெவல் ஏறினா கிடைக்கிற பாயிண்ட் எல்லாத்தையும் ஸ்ட்ரென்த்துல, அதாவது உடல் பலத்துல கொட்டினேன். காயம் ஆத்துற ஹீல் மந்திரம் எவ்வளவு ஏறும்ங்கிறது லெவலையும் இன்ட்டையும் (புத்தி) பொறுத்ததுன்னு எனக்கு யாரும் சொல்லல. பாயோன் குகையில ஸோம்பி மேல ஹீல் போட்டா அதுக்கு அடி விழும், அகோலைட் பசங்க அப்படித்தான் லெவல் ஏத்துவாங்க. நான் போட்டா ஸோம்பிக்கு முதுகு சொறிஞ்சுவிட்ட மாதிரி இருக்கும். “டேய், உன் ஹீலுக்கு நான் ஆப்பிள் தின்னுக்கிறேன்டா”ன்னு எங்க செட்டுல வாள் எடுத்து நைட் (குதிரை வீரன்) ஆனவன் கத்துவான். போட்ட பாயிண்டை அப்ப திரும்ப எடுக்க முடியாது. ஒரு மாசக் காசு போச்சு, மறுபடி நாவிஸ்.

ரெண்டாவது தடவை இன்ட்டுல ஏத்தினேன். அதுக்கப்புறம் நான் சென்டருக்குள்ள நுழைஞ்சாலே சேரை இழுத்துப் போடுவாங்க. பிளஸ் டூ படிக்கிறப்ப எனக்கு வேற எங்கயும் அந்த மரியாதை கிடைக்கல. அதனால கிளாஸை முழுசா திட்ட எனக்கு மனசு வரல. உங்களுக்கு எப்படி?

பனிக்காலப் பாலடின்:
அண்ணை, உங்களுக்குச் சேர். எனக்குப் பின்வரிசை. டொராண்டோவில இருந்து 2004 கடைசியில, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்த உடனையே தொடங்கின ஆள் நான். கேடயத்தோட முன்னுக்கு நிண்டு அடி வாங்கலாம் எண்டு நம்பித்தான் பாலடின் எண்ட புனித வீரன் கிளாஸை எடுத்தனான். நாற்பது பேர் சேர்ந்து பெரிய எதிரியளை அடிக்கிற ரெய்டுக்குப் போனா முன்னுக்கு நிக்கிறது வாரியர். எதிரியைத் தன்ரை பக்கம் இழுக்கிற டான்ட் அப்ப பாலடினுக்கு இல்லை. மந்திரவாதியள் போடுற துணி அங்கியை என்னட்டைத் தந்து, “ஹீல் போடு, ஆசீர்வாதம் போடு” எண்டிச்சினம். ஆசீர்வாத மந்திரம் ஒண்டு அஞ்சு நிமிசம்தான் நிக்கும். ஒவ்வொருத்தராப் போட்டு கடைசி ஆளுக்கு வந்து மூச்சு விட, முதல் ஆள் திரும்பக் கேப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில சாம்பார் வாளியோட ஓடின மாதிரி. நான் சண்டையைப் பாத்ததே இல்லை, ஆக்களின்ரை பெயர்ப்பட்டியலைத்தான் பாத்தனான்.

டேலண்டை, அதாவது எந்தத் திறமையில புள்ளி போட்டனோ அதை மாத்தலாம், ஒவ்வொருக்கா மாத்தவும் விலை ஏறும், 50 தங்கம் வரை. மாத்திக்கொண்டு போனாலும் கதை ஒண்டுதான்: “நீ பாலடின், ஹீல் போடு.” என்ன செய்வாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, பேரைக் கேட்டவுடனை வேலை குடுத்தவை. ஊரிலை இதை விட்டுட்டு வந்திட்டம் எண்டுதான் நினைச்சனான்.

தூண்டில்காரன்:
கிளாஸே இல்லாத ஊர்லயும் நான் குடியிருந்திருக்கேன். அல்டிமா ஆன்லைன், 1999ல, சிங்கப்பூர்ல. மொத்தம் 700 புள்ளி, ஒரு ஸ்கில்லுக்கு 100 வரைக்கும். நீங்க எதைச் செய்றீங்களோ அது வளரும். நான் மீன் பிடிச்சேன். கூடவே சமையல். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து கரையோரமா நின்னு தூண்டில் போடுறதுதான் என் ஆட்டம். யாரும் என்னை எதுவும் கேக்கல.

ஆனா ஊர் எல்லையைத் தாண்டினா எதிர்ல வர்றவன் எல்லாம் ஒரே அச்சு. மந்திரமும் முழுசு, ஆயுதமும் முழுசு. டேங்க் மேஜ்னு பேர். ஆட்டம் கிளாஸ் வைக்கல, ஜனங்களே ஒண்ணைக் கண்டுபிடிச்சு மொத்தமா அதுக்குள்ள போய் உக்காந்துட்டாங்க. அதுல ஒருத்தன் என்னைக் கொன்னு மூட்டையில இருந்த மீனை எல்லாம் எடுத்துக்கிட்டான். தின்னக்கூட இல்ல. கொஞ்ச தூரம் போய்க் கீழ போட்டுட்டுப் போனான். இன்னிக்கும் அதுதான் வலிக்குது.

குயிலம்மா:
ஃபைனல் ஃபேன்டஸி 14ல ஒரே ஆள், ஆயுதத்தை மாத்தினா ஜாப், அதாவது கிளாஸ் மாறிடும். பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சேன். ஆனா நாலு பேர் சேர்ந்து சண்டை போடப் போற டஞ்சனுக்கு முன்னாடி நின்னு அடி வாங்குற டேங்க் ஒருத்தர், ஒரு ஹீலர், அடிக்கிறவங்க ரெண்டு பேர்ங்கிற கணக்கு மாறாது. எனக்குப் பிடிச்சது ஈட்டியால அடிக்கிற டிராகூன். ஈட்டியோட போனா க்யூல 20 நிமிஷம் நிக்கணும். என் பொண்ணு மதியம் தூங்குறதே முக்கால் மணி நேரம்! ஹீல் போடுற ஒயிட் மேஜா மாறினா உடனே கூப்பிட்டுடுவாங்க. இப்ப ஒயிட் மேஜ் லெவல் 90ஐத் தாண்டிடுச்சு, டிராகூன் இன்னும் 40லயே கிடக்குது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. ஆனாலும் வீட்டு வேலை மாதிரியே என் கைக்கு வந்து சேர்ந்துடுச்சு.

அரைத்தூக்கம்:
பாலடின் தம்பி, நீங்க சொன்னது சுருக்னு குத்துச்சு. சேர் கிடைச்சவன் சேரைப் புகழ்றது சுலபம்தான்.

ஆனா இதையும் கேளுங்க. 2012ல கில்ட் வார்ஸ் 2 வந்தப்ப எங்க பழைய செட் மறுபடி கூடினோம். அதுல ஹீலர்னு தனியா யாரும் வேணாம், அவங்கவங்க காயத்தை அவங்கவங்களே ஆத்திக்கலாம். விழுந்தவனை யார் வேணும்னாலும் தூக்கிவிடலாம். பாலடின் கேட்ட நியாயம் அதுல இருந்தது. ரெண்டு வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்தேன். நான் இல்லாததே ஒருத்தனுக்கும் தெரியல.

2015 கடைசியில அதுலயும் ரெய்டு வந்துச்சு, ஹீல் பண்ண ஆள் தேவைப்பட்டுது. அதுக்கு ஏத்த மாதிரி ஹீல் பண்ற ட்ரூயிட்னு ஒண்ணு வந்திருந்தது. எங்க நைட்டுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க, ராத்திரி 11 மணிக்குப் போன் பண்றான். “வர்றியா?”ன்னான். வர்றேன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

“இந்த வாட்டி ஸ்ட்ரென்த்துல போடலையே?”