மீன்பிடிப் பூனை எச்சத்தில் கோர்ட்டிசோல் (மன அழுத்த ஹோர்மோன்) பார்க்கலாமா?

கேள்வி: கொழும்புச் சதுப்பு நிலங்களில் நடைபாதையும் விளக்கும் நாய்களும் உள்ள இடத்தையும், ஆளரவமில்லாத இடத்தையும், அங்குள்ள பூனைகளின் மன அழுத்தத்தை வைத்து ஒப்பிட வேண்டும். இரத்தம் எடுக்க ஏலாது. எச்சம் போதுமா?

பதில் 1: போதும் தம்பி. இரத்தமெண்டால் பிடிச்சு சுமார் 3 நிமிடத்துக்குள் எடுக்க வேணும். பிந்தினால் பிடிபட்ட பயத்தைத்தான் அளப்பீங்கள். எச்சத்தில் கிடைப்பது பெரும்பாலும் கோர்ட்டிசோலின் சிதைபொருட்கள். அதனால் சோதனைக் கிட் பூனையினத்தில் சரிபார்க்கப்பட்டதா எண்டு முதலில் பாருங்கோ. ஈரம் காயாததை மட்டும் எடுங்கோ. ஹோர்மோன் எல்லா இடமும் ஒரே அளவில் இராது, நல்லாக் கலந்து சிறு குப்பியில் போட்டு ஐஸ் பெட்டி, பிறகு -20 பாகை. மழையில் நனைந்தது வேண்டாம். வெயிலில் கிடந்தால் பக்டீரியா ஹோர்மோன் அளவையே மாத்திப்போடும்.

பதில் 2: மீன் செதிலும் எலிமுடியும் கூடினால் கிராமுக்கான அளவு குறைவாகத் தெரியும். உலர்த்தி, அரித்து, உலர்நிறைக்குக் கணக்கிடுங்கோ. நாய், மரநாய் எச்சம் கலக்காமலிருக்க டீஎன்ஏ பார்ப்பது நல்லது. வனசீவராசிகள் திணைக்கள அனுமதி முதலில்!

பதில் 3: ஒண்டு விட்டுப்போச்சு. குறைந்த அளவு வந்தால் நிம்மதியான பூனை எண்டு எழுதிப்போடாதீங்கோ. நெடுநாள் தொந்தரவில் சுரப்பே மழுங்கலாம். அதனால் உடல்நிலையையும் பார்க்க, அதே எச்ச மாதிரியில் குடற்புழு முட்டைகளையும் எண்ணுங்கோ. சினைப்பட்ட பெண் பூனையில் அளவு வேறாக வரும், ஆணா பெண்ணா எண்டு தெரியாமல் ஒப்பிட்டால் குழம்பும்.