நாணயச் சேகரிப்புக்கு வாங்கிய விலைக் கணக்கு வேண்டுமா?

வெள்ளிரூபாய்:
என் தந்தையார் 1970களின் பிற்பகுதியிலிருந்து சேர்த்த நாணயங்கள் 2016இல் அவர் காலமான பிறகு என் கைக்கு வந்தன. பெரும்பாலானவை பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்கள். கூடவே சோழர் செப்புக்காசுகளும் உண்டு. அதன் பிறகு நானும் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். இப்போது ஒரு பகுதியை ஏலத்தில் விற்க எண்ணியிருக்கும் நிலையில், ஆடிட்டர் முதலில் கேட்டது வாங்கிய பில்களைத்தான். சேகரிப்பாளர்கள் இத்தகைய கணக்கை உண்மையிலேயே வைத்திருக்கிறீர்களா? அது அவசியம்தானா?

செப்புக்காசு:
அவசியமில்லை என்பதே என் உறுதியான கருத்து. நாணயம் சேர்ப்பது முதலீடு அல்ல, மனத்துக்குப் பிடித்த ஒரு பழக்கம். சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள்களை வருமான வரிச் சட்டமே மூலதனச் சொத்து, அதாவது விற்ற லாபத்துக்கு வரி விழும் சொத்து, என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. மேலும், நம்மில் பலர் வாங்குவது பழைய பாத்திரக்கடையிலும், திருவிழாக் கடைத்தெருவில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடமும். அவரிடம் போய் பில் கேட்க முடியுமா? கணக்கு, ரசீது என்று பயமுறுத்தினால் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

பேரேடு:
செப்புக்காசு ஐயா சொல்லும் விலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது நாணயத்துக்குப் பொருந்தும் என்று நம்பி இருந்துவிடுவது ஆபத்து. மகாராஜ ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்கில், பூஜைக்கு வைத்திருந்த தங்கச் சவரன்களும் வெள்ளி நாணயங்களும் வெள்ளிக் கட்டிகளும் சொந்த உபயோகப் பொருள்களே என்று வாதிடப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1976இல் அதை ஏற்கவில்லை. உடுத்தும் துணியையும் உட்காரும் நாற்காலியையும் போல ஒருவரின் அன்றாட உபயோகத்தோடு நெருங்கிய தொடர்பு இருக்கவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பூஜையில் வைத்த நாணயத்துக்கே அந்த நிலை என்றால், ஆல்பத்தில் செருகி வைத்த நாணயத்துக்கு என்ன வாதம் மிஞ்சும்? தவிர, 2007ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தொல்பொருள் சேகரிப்புகளையும் ஓவியம், சிற்பம் முதலிய கலைப்பொருள்களையும் அந்த விலக்கிலிருந்து வெளிப்படையாகவே நீக்கிவிட்டது.

செப்புக்காசு:
1980களில் வெளியான நினைவு நாணயத்தைத் தொல்பொருள் என்று யாரும் சொல்லமுடியாது. ஆகவே அந்தத் திருத்தம் எல்லாச் சேகரிப்புக்கும் பொருந்தாது. அது இருக்கட்டும். வெள்ளிரூபாய் அவர்களின் தந்தையார் வாங்கியவை 2001 ஏப்ரல் 1க்கு முந்தியவை என்றால், அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும் உரிமை இவருக்கு உண்டு. அதற்குப் பின் தந்தையார் வாங்கியவற்றின் விலை தெரியாமல் போனால், அவை தந்தையார் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. விலைக்குச் சட்டமே வழி சொல்லியிருக்கும்போது பழைய பில்லுக்கு என்ன வேலை?

பேரேடு:
நல்ல கேள்வி; விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு சலுகைகளுமே தேதியைக் கேட்கின்றன. 2001 மதிப்பைக் கோருபவர் அந்த நாணயம் அதற்கு முன்பே குடும்பத்தில் இருந்தது என்று காட்டவேண்டும். கைக்கு வந்த நாளின் மதிப்பைக் கோருபவர் அந்த நாள் எது என்று சொல்லவேண்டும். வைத்திருந்த காலம் 24 மாதங்களைத் தாண்டினால் நீண்டகால ஆதாயம், இல்லையென்றால் வழக்கமான வருமானத்தோடு சேர்த்து வரி என்ற பாகுபாட்டுக்கும் தேதிதான் ஆதாரம். வாரிசாக வந்த நாணயத்துக்குத் தந்தையார் வைத்திருந்த காலமும் சேரும் என்பது பெரிய வசதி. அதை நிரூபிக்க அவருடைய குறிப்பேடோ கடிதமோ வேண்டும். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி, பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம் என்று ஆகிவிட்டதால், வாங்கிய விலையைக் குறைத்துக் காட்ட நேர்ந்தால் அந்த வித்தியாசம் முழுவதுக்கும் வரி கட்டவேண்டியதுதான். 2016க்குப் பிறகு நீங்களே வாங்கியவற்றுக்கோ அந்த இரண்டு சலுகைகளும் இல்லை. ஆதாரம் இல்லாவிட்டால் அதிகாரி விலையையே ஏற்காமல் போகலாம்.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன். கணக்கு வைத்திருக்கும் பலரும் "ஜார்ஜ் ரூபாய், 1" என்று எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் மறுஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். சேகரிப்பாளர்கள் அந்த முதல் வகையைத் தேடி வாங்குகிறார்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது, 1940ஆம் ஆண்டினுடையது சாதாரணம், முன்னதில் 91.7 சதவீதம் வெள்ளி, பின்னதில் பாதிதான். குறிப்பேட்டில் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, இரு பக்கப் புகைப்படம் ஆகியவை இல்லாவிட்டால், விற்ற நாணயமும் எழுதி வைத்த நாணயமும் ஒன்றுதான் என்று யார் சாட்சி சொல்வார்கள்?

செப்புக்காசு:
அடையாளக் குறிப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அது சேகரிப்பாளனாகவே நாம் செய்யவேண்டியது. ஆனால் கடைக்காரர் தரும் பில்தான் ஆதாரம், கையால் எழுதியது செல்லாது என்ற தோரணையை ஏற்கமாட்டேன். வாங்கிய அன்றே எழுதிய நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு உண்டு.

பேரேடு:
அதில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. அன்றன்றே எழுதிய குறிப்பு ஆதாரம்தான். வங்கியிலோ யுபிஐயிலோ செலுத்திய பதிவும் அதோடு ஒத்துப்போனால் வலிமை கூடும். விற்கும் சமயத்தில் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய நோட்டுக்குத்தான் மதிப்பில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கினால் விற்றவரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதில் தவறில்லை. பெரும்பாலோர் தயங்காமல் போட்டுத் தருகிறார்கள்.

வெள்ளிரூபாய்:
இருவருக்கும் நன்றி. தந்தையாரின் நாட்குறிப்பில் சில பதிவுகள் இருக்கின்றன. ஒரு சந்தேகம்: நான் 6,000 ரூபாய்க்கு 40 செப்புக்காசுகளை மொத்தமாக வாங்கினேன். அவற்றுள் ஒன்று தெளிவான எழுத்துடைய இராசராசன் காசு. அதை மட்டும் விற்றால் விலையை 150 ரூபாய் என்று எழுதுவதா?

பேரேடு:
சராசரி எளிது, ஆனால் உங்களுக்கு நியாயமாகாது. தேய்ந்துபோன 39 காசுகளும் அந்த ஒன்றும் ஒரே விலை பெறாது என்பது வாங்கிய அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மொத்த விலையைத் தரத்துக்கேற்பப் பிரித்து, பிரித்த முறையையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்; ஆடிட்டர் கேட்டால் காட்ட ஏதாவது இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் 6,000க்கு மேல் போகக்கூடாது.

செப்புக்காசு:
இதற்கு நானும் உடன்படுகிறேன். ஏல நிறுவனம் பிடிக்கும் கமிஷனையும் விற்ற தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பதால், அந்தச் சீட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சொந்த உபயோகப் பொருள் என்ற என் வாதத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நினைவு நாணயங்களைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.