நிழல் மறையும் இடத்தில் ஓர் இடுகாடு: பனி ஓட்டம் அறிந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் அறிவியல் புனைகதையில் ஓர் ஐயம். 2016இல் கண்டறியப்பட்ட பிராக்சிமா செண்டாரி பி என்னும் கோள் தன் விண்மீனை ஏறத்தாழ 11.2 நாட்களில் சுற்றுவதைப் போல என் கற்பனைக் கோளும் மிக நெருங்கிச் சுற்றுவதால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல், அதன் ஒரு பாதி ஓயாத பகலாகவும் மறுபாதி உறைந்த இரவாகவும் இருக்கிறது. மக்கள் இடைப்பட்ட அந்திப் பட்டையில் வாழ்கிறார்கள்.

அங்கே எரிக்க விறகில்லை; பாறையில் குழி தோண்டவும் இயலாது. ஆகவே இறந்தவரைச் சறுக்குப் பலகையில் கிடத்தி இருளை நோக்கி இழுத்துச் செல்கிறார்கள். நடக்க நடக்க முன்னே நீளும் தங்கள் நிழல் முற்றிலும் மறையும் இடத்தில், உடலைப் பனியில் நிற்கவைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். (இந்தக் காட்சியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.)

சிக்கல் இதுதான்: பனிப்பாறை அசையாமல் கிடப்பதில்லை. ஆல்ப்ஸில் பனி உருகியபோது, 5,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரின் உடல் 1991இல் வெளிப்பட்டது. என் கோளின் பனியும் வெப்பமான ஓரத்தை நோக்கி நகருமானால், முன்னோர்கள் ஊருக்கே திரும்பி வந்துவிடுவார்களே! நூறு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை தலைமுறை ஆகும்? உடல் சிதையாமல் வந்துசேருமா? பனியியல் அறிந்தவர்கள் தோராயமான கணக்கையேனும் தந்து உதவ வேண்டுகிறேன்.