இரண்டு ஏழாம் கிளமென்ட்டுகள்: காலவரிசையில் எப்படிக் குறிப்பது?

அனைவருக்கும் வணக்கம். லிஞி கோமகனின் மகனாக 1369-இல் பிறந்து கர்தினாலான பியேர் த லுக்சம்பூரின் திருச்சபைப் பணிகளைத் தமிழில் காலவரிசையாக எழுதி வரும் நான், ஒரு பெயர்க் குழப்பத்தில் சிக்கி நிற்கிறேன்.

பதினான்கு வயதில், 1384-இல், அவரை மெட்ஸ் ஆயராகவும் பின்னர் கர்தினாலாகவும் உயர்த்தியவர் அவிஞோனில் இருந்த ஏழாம் கிளமென்ட், அதாவது ஜெனிவாவின் இராபர்ட். உரோமையில் ஒருவரும் பிரான்சின் அவிஞோனில் ஒருவருமாகத் திருத்தந்தை (போப்) பதவிக்கு உரிமை கோரிய திருச்சபைப் பிளவின் காலம் அது. 1387 ஜூலை 2 அன்று, பதினெட்டு வயதுகூட நிறையாமல் இறந்த பியேர், தம் விருப்பப்படியே ஏழைகளின் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். 1527-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) அளித்தவரோ மெதிச்சி குடும்பத்தைச் சேர்ந்த, உரோமையின் ஏழாம் கிளமென்ட்.

வரைவைப் படித்தவர்கள் இருவரையும் ஒருவரென்றே எண்ணிவிட்டார்கள். முன்னவருக்கு 'எதிர்-திருத்தந்தை' (முறையான திருத்தந்தைக்கு எதிராக உரிமை கோரியவர்) என்று அடைமொழி சேர்த்தேன்; ஆனால் அன்றைய பிரெஞ்சு அரசவை அவரையே உண்மையான திருத்தந்தையாக ஏற்றிருந்ததால், பியேர் தெரிந்தே முறைகேடான பதவியை ஏற்றார் என்ற தொனி வந்துவிடுகிறது. இயற்பெயரை மட்டும் எழுதிப் பார்த்தேன். நியமித்தவர் திருத்தந்தையாக உரிமை கோரியவர் என்பதே மறைந்துபோகிறது.

அன்றைய பிளவையும் மறைக்காமல், பியேருக்கும் அநீதி இழைக்காமல், இந்த இருவரையும் தமிழில் எந்தச் சொற்களால் வேறுபடுத்திக் குறிப்பது?