ஹைட்ரஜன் அயோடைடின் கொதிநிலை ஏன் கூடுதல்?

யீஷூன் தந்தை:
வணக்கம். நான் தமிழ்நாட்டில் தமிழ்வழியில் வேதியியல் படித்தவன். இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகளுக்குப் பாடத்தைத் தமிழில் விளக்கும்போது ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறேன். ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 431 கிலோஜூல். ஹைட்ரஜன் அயோடைடுக்கு ஏறத்தாழ 298 தான். முனைவுத்தன்மையும், அதாவது மூலக்கூறின் ஒருபக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் நிலவும் தன்மையும், குளோரைடுக்கே அதிகம். அப்படியிருந்தும் குளோரைடு −85 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிட, அயோடைடு −35 டிகிரி வரை திரவமாக இருப்பது எதனால்?

துணைப்பாட ஆசிரியை:
ஐயா, நீங்கள் ஒப்பிட்டிருக்கும் ஆற்றல், ஒரு மூலக்கூறுக்குள் இரண்டு அணுக்களைப் பிணைத்து வைத்திருப்பது. கொதிக்கும்போது அந்தப் பிணைப்பு அறுபடுவதே இல்லை. ஆவியிலும் அதே மூலக்கூறுகள்தாம் இருக்கின்றன. பிரிவது மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சி மட்டுமே, அதற்கு அயோடைடில் மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும்.

அந்தக் கவர்ச்சியில் பெரும்பங்கு, 1930இல் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயக்கவியல் வழியே விளக்கிய விசைக்கு உரியது. குளோரைடு மூலக்கூறில் 18 எலக்ட்ரான்கள், அயோடைடில் 54. அயோடினின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் கருவிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் எளிதில் ஒருபக்கம் ஒதுங்கி, கணநேர இருமுனையாகி, பக்கத்து மூலக்கூறிலும் அப்படியொரு இருமுனையைத் தூண்டிவிடுகின்றன. நிலையான முனைவில் அயோடைடு இழப்பதைவிட இதில் பெறுவது அதிகம். லண்டன் விசையை எப்போதும் 'மிக வலுவற்றது' என்றே சொல்லித்தரும் வழக்கம் மாணவர்களைத் தவறாக வழிநடத்துகிறது என்பது என் உறுதியான கருத்து. முனைவே இல்லாத அயோடின், நம் ஊர் வெப்பத்திலும் திண்மமாக இருப்பது இந்த விசையால்தான்.

தெம்பனிஸ் வாசகர்:
ஹைட்ரஜன் புளோரைடையும் மகளுக்குக் காட்டுங்கள். பத்தே எலக்ட்ரான்கள் இருந்தும், மூலக்கூறுகளுக்கு இடையே ஏற்படும் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் கவர்ச்சியின் வலுவால் அதன் கொதிநிலை 19.5 டிகிரி வரை உயர்ந்துவிடுகிறது.

யீஷூன் தந்தை:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், அந்த 298 கிலோஜூலின் விளைவு எங்கேதான் தெரியும்?

துணைப்பாட ஆசிரியை:
சிதைவில், ஐயா. நன்கு சூடேற்றிய கண்ணாடிக் கோலை ஹைட்ரஜன் அயோடைடு நிரம்பிய குடுவைக்குள் விட்டால் மூலக்கூறே உடைந்து, அயோடினின் ஊதா ஆவி எழும். ஹைட்ரஜன் குளோரைடு உள்ள குடுவையில் எந்த மாற்றமும் தெரியாது.